சாரல் காலத்தில் ரயிலேறுவோருக்கு

முதன்முறையாக நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறவர்களுக்கு, டிக்கெட் எடுப்பது முதல் ஊர் போய் இறங்குவது வரை சில யோசனைகள்

ஆனி பிறந்து, திரிகூட மலையின் முகட்டில் மேகம் கவிந்து, தென்காசி வீதிகளில் வெயிலும் தூற்றலும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கிவிட்டால், இவ்வூர் ரயில் நிலையத்தில் இரு வகையான ஜனங்களைக் காணலாம். காலை வண்டியில் சென்னையிலிருந்து வந்து இறங்கி, "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்று முதலில் எதிர்ப்படும் ஆட்டோக்காரரிடமே விசாரிக்கத் தொடங்குகிறவர்கள் ஒரு வகை. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்வதற்கோ, முதன்முதலாகக் கிடைத்த உத்தியோகத்தை ஒப்புக்கொள்வதற்கோ, தாய் தந்தையர் இருபுறமும் மூட்டைகளைத் தூக்கி வர, மாலை வண்டிக்காகக் காத்து நிற்கிறவர்கள் மற்றொரு வகை. முன்னவர்கள் உல்லாசம் தேடி வருகிறார்கள். பின்னவர்கள் ஜீவனம் தேடிப் போகிறார்கள். கல்லூரிகள் திறக்கும் மாதங்களும் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டபடியால், இவ்விரு கூட்டமும் ஒரே இருப்புப் பாதையையும், ஏறக்குறைய அதே வண்டிகளையும் நம்பி நிற்கின்றன.

இரு சாராரிலும், ஓர் இரவு முழுவதையும் ரயிலில் கழிப்பது இதுவே முதல் தடவை என்பவர்கள் அநேகர். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுதான்: ரயில் பிரயாணத்தின் சுகதுக்கங்களில் பெரும்பகுதி, வண்டி நகர்வதற்கு முன்பே நிர்ணயமாகிவிடுகிறது. எந்தக் கிழமையில் புறப்படுவது, எந்த இடத்தில் படுப்பது, எதையெல்லாம் கையோடு எடுத்துச் செல்வது, எங்கே நின்று ஏறுவது என்ற நான்கையும் வீட்டில் இருந்தபடியே யோசித்து முடித்தவனுக்கு, வண்டியில் ஏறிய பின்பு செய்வதற்கு அதிகக் காரியம் இல்லை.

பாதையும் வண்டியும்

சென்னை ராஜதானியையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் மலையைக் குடைந்து இணைத்த செங்கோட்டை–கொல்லம் பாதையில் 1904-ஆம் ஆண்டு வண்டி ஓடத் தொடங்கிற்று. விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு வரும் பாதை 1927-இல் அமைந்தது. மீட்டர் கேஜ் காலத்துப் பெரியவர்கள் இன்றும் 'கொல்லம் மெயில்' என்று வாஞ்சையோடு சொல்லும் வண்டி, எழும்பூரில் புறப்பட்டு இந்த வழியாகத்தான் மலையைக் கடந்து கொல்லம் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்படுத்தப்பட்டன. விருதுநகர்–செங்கோட்டைப் பகுதி 2004-இலும், திருநெல்வேலி–தென்காசிப் பகுதி 2012-இலும், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புனலூர் வரையிலான மலைப் பகுதி 2018-இலும் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டன.

இந்தப் பூர்வ கதையால் புதிய பிரயாணிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். தென்காசி ஒரு சந்திப்பு என்பதை அவன் மனத்தில் வைக்க வேண்டும் என்பதே பிரயோஜனம். வடக்கே விருதுநகர், மதுரை வழியாகச் சென்னைக்கும், கிழக்கே அம்பாசமுத்திரம் வழியாகத் திருநெல்வேலிக்கும், மேற்கே செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது. ஆதலால், 'ஒரு வண்டி வந்து நிற்கிறது, கூட்டம் ஏறுகிறது' என்ற ஆதாரத்தை மட்டும் கொண்டு அதில் ஏறிவிடுவது ஆபத்து. வண்டியின் பெயரைக் காட்டிலும் அதன் ஐந்து இலக்க எண்ணே நம்பத் தகுந்தது. சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்கு வரும் பொதிகை எக்ஸ்பிரஸின் எண் 12661. அதே வண்டி செங்கோட்டையிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது 12662. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண்ணும், பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் காலை வைப்பது முதற் பாடம்.

அறுபது நாள் கணக்கு

ரயிலில் இடம் பதிவு செய்வது இப்போது பிரயாண நாளுக்கு அறுபது நாள் முன்னதாகத் தொடங்குகிறது. முன்பு நூற்றிருபது நாளாக இருந்ததை 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து குறைத்துவிட்டார்கள். இது தெரியாமல் நாலு மாதத்துக்கு முன்பே முயன்று பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. இன்னும் அவகாசம் இருக்கிறது என்று அலட்சியமாக இருந்து இடம் இழந்தவர்களும் உண்டு. சாரல் காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரிலிருந்து புறப்படும் வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலை செங்கோட்டையிலிருந்து புறப்படும் வண்டிக்கும் உள்ள கிராக்கி சொல்லி முடியாதது. கல்லூரிக்குப் புறப்படும் மாணவன் அருவிக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, வாரத்தின் நடுவே ஒரு நாளைத் தேர்ந்துகொள்வானாகில், பாதிச் சிரமம் அப்போதே தீர்ந்துவிடும்.

டிக்கெட்டில் மூன்று விதமான நிலைகள் உண்டு. இடம் உறுதியாகிவிட்டது என்பது ஒன்று. 'ஆர்.ஏ.சி.' என்பது இரண்டாவது. வண்டியில் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து வர வேண்டியிருக்கும், யாரேனும் வராமற் போனால் படுக்க இடம் கிடைக்கும். காத்திருப்போர் பட்டியல் என்பது மூன்றாவது. இணையத்தில் எடுத்த டிக்கெட் இறுதிப் பட்டியல் தயாரான பின்பும் இந்நிலையிலேயே இருந்தால், அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பி வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு பதிவு செய்த பெட்டியில் ஏறுவதற்கு உரிமை கிடையாது. முதற் பிரயாணி இந்த மூன்றாம் நிலையை நம்பி மூட்டை கட்டக் கூடாது. அவசரத்துக்குத் தட்கால் இருக்கிறது. புறப்படும் நாளுக்கு முதல் நாள் காலை பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும், பதினோரு மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் அது திறக்கும். உறுதியான தட்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. இணையத்தில் தட்கால் எடுப்பதற்கு ஆதார் எண்ணைக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டுமாகையால், அந்தக் காரியத்தைப் பத்து மணி அடிக்கும்போது ஆரம்பிக்காமல் சாவகாசமாக முன்பே செய்து வைத்திருக்க வேண்டும்.

ஏறும் நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கோட்டையில் ஏறுவதாகப் பதிவு செய்துவிட்டுக் கடையநல்லூரில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. குறித்த இடத்தில் பிரயாணி ஏறவில்லையென்றால், பரிசோதகர் அந்தப் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். எங்கே ஏறப்போகிறோமோ, அதுவே டிக்கெட்டில் இருக்க வேண்டும். மாற்றம் உண்டானால் முன்கூட்டியே பதிவிலும் மாற்றிவிட வேண்டும்.

எண்ணைக் கொண்டு இடம் அறிதல்

டிக்கெட்டில் 'எஸ் 5, 43' என்று இருக்கிறது. எஸ் என்பது சாதாரணத் தூங்கும் வசதிப் பெட்டி. பி என்பது மூன்றடுக்குக் குளிர்சாதனம். ஏ என்பது இரண்டடுக்குக் குளிர்சாதனம். ஐந்து என்பது பெட்டியின் வரிசை. நாற்பத்து மூன்று எங்கே இருக்கும், கீழா மேலா என்பதை வீட்டில் இருந்தபடியே கணக்கிட்டுவிடலாம். மூன்றடுக்குப் பெட்டிகளில் இடங்கள் எட்டு எட்டாக அமைந்திருக்கின்றன. எண்ணை எட்டால் வகுத்து, மீதி ஒன்றோ நான்கோ வந்தால் கீழ்ப் படுக்கை. இரண்டோ ஐந்தோ வந்தால் நடுப் படுக்கை. மூன்றோ ஆறோ வந்தால் மேல் படுக்கை. ஏழு வந்தால் நடைபாதையை ஒட்டிய பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை. மீதியின்றி வகுபட்டால் பக்கவாட்டு மேல் படுக்கை. நாற்பத்து மூன்றை எட்டால் வகுத்தால் மீதி மூன்று. ஆகவே மேல் படுக்கை. இரண்டடுக்குப் பெட்டியில் இதே கணக்கை ஆறால் செய்ய வேண்டும். அங்கே மீதி ஒன்றும் மூன்றும் கீழ், இரண்டும் நான்கும் மேல், ஐந்து பக்கவாட்டுக் கீழ், மீதியின்மை பக்கவாட்டு மேல்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சுபாவம் உண்டு. மேல் படுக்கையில் இருப்பவனை யாரும் எழுப்பமாட்டார்கள். அவன் எப்போது வேண்டுமானாலும் படுக்கலாம். ஆனால் ஏணியில் ஏறி இறங்கத் தெம்பு வேண்டும். கீழ்ப் படுக்கைக்காரனுக்கு ஜன்னல் உண்டு. ஆயினும் மற்றவர்கள் படுக்கும் வரை அவன் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடுப் படுக்கை என்பது பகலில் முதுகுச் சாய்மானமாகத் தொங்கிக்கொண்டு, இரவில் சங்கிலியில் மாட்டப்படும் பலகை. சங்கிலியின் கொக்கி வளையத்தில் சரியாக விழுந்திருக்கிறதா என்பதைக் கையால் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டே ஏற வேண்டும். அறுபது வயதான ஆண்களும் நாற்பத்தைந்து வயதான பெண்களும் தனித்தோ இருவராகவோ டிக்கெட் எடுத்தால் கீழ்ப் படுக்கைக்கென ஒதுக்கீடு இருக்கிறது. இளைஞர்களோடு சேர்த்துக் குடும்பத்துக்கு ஒரே டிக்கெட்டாக எடுக்கும்போது இந்தச் சலுகையை இழந்துவிடுகிறோம் என்பது பலர் அறியாதது.

மூட்டையும் கட்டுச்சோறும்

தூங்கும் வசதி வகுப்பில் ஒருவர் கட்டணமின்றி எடுத்துச் செல்லக்கூடிய எடை நாற்பது கிலோ. கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு அரிசியும் பருப்பும் ஊறுகாயும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள், அந்தப் பிள்ளை எழும்பூர்ப் படிகளில் தனியாக அவற்றைச் சுமக்க வேண்டும் என்பதையும் நினைக்க வேண்டும். பெரிய பெட்டி ஒன்று, தோளில் மாட்டும் பை ஒன்று என்ற இரண்டுக்கு மேல் போகாமலிருப்பது விவேகம். பெட்டி கீழ்ப் படுக்கைக்கு அடியில் போகும். அங்கே இருக்கும் வளையத்தில் சங்கிலி கோத்துப் பூட்டிவிடலாம். பை தலையணையாகும், பணம், அடையாள அட்டை, சான்றிதழ்கள், மருந்து, கைப்பேசி யாவும் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். டிக்கெட்டின் பிரதி ஒன்றைக் காகிதத்திலும் வைத்துக்கொண்டால், கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தாலும் கலவரம் இல்லை. சாதாரண வகுப்பில் போர்வையோ தலையணையோ தரமாட்டார்கள். சாரல் காலத்து மாலையில் வண்டி வேகம் எடுக்கும்போது ஜன்னல் வழியே வருகிற காற்று குளிர்காற்று என்பதை இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகாரத்தில், நம் பாட்டிமார் கண்ட முறைக்கு மிஞ்சியது இன்னும் வரவில்லை. ஆறவைத்த இட்லியின் இருபுறமும் மிளகாய்ப் பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்துத் தடவி, அனலில் வாட்டிய வாழையிலையில் நாலைந்தாக அடுக்கி, மேலே செய்தித்தாள் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தால், இரவு ஒன்பது மணிக்கு அவிழ்க்கும்போது இலையின் மணம் இட்லியில் ஏறியிருக்கும். கையும் அழுக்காகாது, சாப்பிட்ட பின் கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. புளியோதரையும் தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. அதைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர் மட்டும் இரண்டு புட்டியாவது வேண்டும். இடையிலே ஒரு நிலையத்தில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி இறங்கி, வண்டி நகர்வதைக் கண்டு ஓடி ஏறுவது, உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

எடுத்துச் செல்லக் கூடாதவற்றையும் கூறிவிட வேண்டும். இந்த வண்டிகள் சிவகாசி வழியாகச் செல்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று பட்டாசுக் கட்டோடு ஏறுவதற்குப் பலருக்கு ஆசை எழுகிறது. பட்டாசு, மண்ணெண்ணெய், சமையல் வாயு போன்ற தீப்பற்றும் பொருள்களை ரயிலில் கொண்டுசெல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி விடியற்காலையில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட வாயு உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். சட்டம் எதற்காக இருக்கிறது என்பதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை.

ஏறும் வேளை

இடைப்பட்ட நிலையங்களில் வண்டி சில நிமிஷங்களே நிற்கும். அந்தச் சில நிமிஷங்களுக்குள், முன்புறத்துப் பெட்டிக்குரியவன் பின்புறத்திலிருந்து மூட்டையோடு ஓடுவதுதான் முதற் பிரயாணத்தின் பெரிய துன்பம். இதற்கு நிவாரணம் எளிது. எந்தப் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதைப் பிளாட்பாரத்தில் மேலே தொங்கும் பலகைகள் காட்டும். பலகை இல்லாவிட்டால் நிலையத்து ஊழியரையோ தேநீர்க் கடைக்காரரையோ கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அரை மணி முன்னதாகப் போய் அந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும். ஒருகால் வேறு பெட்டியின் முன் அகப்பட்டுக்கொண்டால், கிடைத்த பெட்டியில் ஏறி, உள்வழியாகவே நடந்து போய்விடலாம். வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே ஏறி, ஆசனத்தில் உட்கார்ந்து, "எய்யா, சாப்பாட்டை மறந்துராத, போனதும் போன் போடு" என்று மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டிருப்பது நம் ஊர் வழக்கம். அன்பு பெரிதுதான், ஆனால் அதை ஜன்னலுக்கு வெளியே நின்றபடி தெரிவிப்பது எல்லாருக்கும் க்ஷேமம்.

இரவு

இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை படுப்பதற்குரிய நேரம் என்பது ரயில்வேயின் விதி. பத்து மணிக்கு முன்பு நடுப் படுக்கையை விரிப்பதற்கோ, பத்து மணிக்குப் பின்பு கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கோ யாருக்கும் பாத்தியதை இல்லை. இருப்பினும், எதிரே ஒரு வயோதிகரோ கைக்குழந்தைக்காரியோ இருந்தால் விதியைக் காட்டிலும் தாட்சண்யம் பெரிது. முதல் தடவை போகிறவன், படுக்கும் முன் பக்கத்தில் இருப்பவர்கள் எந்த ஊரில் இறங்குகிறார்கள் என்பதை விசாரித்துக்கொள்வது நல்லது. ஒரே ஊரில் இறங்குகிறவர் ஒருவர் கிடைத்துவிட்டால் விடியற்காலைக் கவலை பாதியாகும். அதற்காக, அறிமுகமில்லாதவர் தரும் தின்பண்டத்தையும் பானத்தையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று மரியாதையாக மறுத்துவிடலாம்.

கழுத்தில் நகையோடு ஜன்னலோரம் தலைவைத்து உறங்குவது, வாசற்படியில் உட்கார்ந்து காற்று வாங்குவது, கைப்பேசியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் படம் பிடிப்பது ஆகிய மூன்றையும் விலக்க வேண்டும். அபாயச் சங்கிலி என்பது தகுந்த காரணம் இருக்கும்போது தைரியமாக இழுப்பதற்கே இருக்கிறது. காரணமின்றி இழுத்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் சொல்கிறது. உடல்நலக் குறைவு, திருட்டு, தொந்தரவு எதுவாயினும் 139 என்ற எண்ணை அழைத்தால் அடுத்த நிலையத்தில் உதவி கிடைக்க ஏற்பாடு உண்டு. அந்த மூன்று இலக்கங்களைப் புறப்படும் முன்பே பிள்ளைக்கு மனப்பாடம் செய்வித்துவிட வேண்டும்.

அருவிக்கு வருகிறவர்கள்

எதிர்த்திசையில், சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு விடியற்காலையே பரிசு. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மேற்குப் பக்க ஜன்னலில் மலைத்தொடர் கூடவே வரத் தொடங்கும்; உறக்கத்தில் இதை இழந்தவர்கள் பயணத்தின் நற்பகுதியை இழந்தவர்கள். குற்றாலத்தில் ரயில் நிலையம் கிடையாது. தென்காசியில் இறங்கினால் அருவி ஐந்து கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது. பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் குறைவில்லை. உறங்கிப்போய்த் தென்காசியைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பொதிகை வண்டி அடுத்து நிற்கும் செங்கோட்டையோடு முடிந்துவிடுகிறது. ராஜபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ இறங்க வேண்டியவர்கள்தான் கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு உறங்க வேண்டும்.

குற்றாலம் வருகிறவர் மனத்தில் இருத்த வேண்டிய விஷயம், அருவி ரயிலைப் போல் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டதன்று என்பது. மலையின் மேல் பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஆகையால் காவலர்கள் குளிக்கத் தடை விதிக்கும் நாளில் அவர்களோடு வாதாடக் கூடாது. ஒரே பகலில் வந்து குளித்து அன்று மாலையே திரும்புவதாகத் திட்டமிட்டவர் அப்படிப்பட்ட நாளில் ஏமாற்றத்தோடுதான் வண்டியேறுவார்; இரண்டு நாளாக வைத்துக்கொண்டவரோ, தடை உள்ள வேளையில் குற்றாலநாதர் கோவிலையும் சித்திர சபையையும், பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசி விசுவநாதர் ஆலயத்தையும் தரிசித்துவிட்டு, மறுநாள் பேரருவியில் நிதானமாகத் தலையைக் கொடுப்பார். இன்னும் ஒரு பகல் மிஞ்சினால், மேற்கு நோக்கிப் போகும் வண்டியில் பகவதிபுரத்தைக் கடந்து, மலைக் குகைக்குள் நுழைந்து வெளிப்பட்டு, பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ஊர்ந்து புனலூர் வரை சென்று வரலாம். வெளிச்சம் இருக்கும்போது அந்த இடத்தைக் கடக்கும் வண்டியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும் வேளையில் ஈரத் துணிகளைத் தனிப் பையில் போட்டுக் கட்டிக்கொள்ளாவிட்டால், அருவியின் தண்ணீர் கீழ்ப் படுக்கைக்காரர் தலையில் சொட்டும்.

இறங்கும் ஊர்

சென்னைக்குப் போகிறவர்கள் எல்லாருமே எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. பொதிகை தாம்பரத்திலும் நிற்கிறது. நகரின் தென்புறத்துக் கல்லூரிகளுக்கும் விடுதிகளுக்கும் செல்கிறவர்கள் அங்கேயே இறங்கி மின்சார ரயிலையோ பேருந்தையோ பிடித்தால் நேரமும் ஆட்டோக் கூலியும் மிச்சம். போகவேண்டிய இடத்தின் முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலையத்துக்குள்ளேயே வந்து பையைப் பிடித்து இழுத்து வாடகை பேசுகிறவர்களைத் தாண்டி வந்து, கூட்டம் கலையும் வரை பத்து நிமிஷம் ஓர் ஓரமாக அமர்ந்து, வீட்டுக்குச் செய்தி சொல்லிவிட்டுப் பிறகு வழி விசாரிப்பது உத்தமம்.

விடுதியில் மூட்டையை இறக்கிவைத்த பின் அம்மாணவன் செய்ய வேண்டிய காரியம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தீபாவளிக்கு எந்த நாளில் ஊர் திரும்ப வேண்டுமோ அந்த நாளை நாட்காட்டியில் பார்த்து, அதிலிருந்து அறுபது நாள் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதியை இப்போதே வட்டமிட்டு வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும்போது அவனைப் போலவே தென்காசிக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் அத்தனை பேரும் விழித்திருப்பார்கள்.